டீக்குப் போனவர்கள்

காலை எட்டரை மணி. நாங்கள் விலைக்கு வாங்கிய தையல் கம்பெனியில் எங்கள் பொறுப்பில் முதல் பெல் அடித்தது. அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. இப்போதும் வீட்டுக் கடிகாரம் எட்டரையைத் தொட்டால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறேன். தோசைக்கல்லில் தோசை கருகினாலும் சரி. ஒரு பெரிய கூடத்தில் ஆட்கள் வந்து உட்கார்ந்து மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும் சத்தத்தைக் காது தேடுகிறது.

அன்று ஆட்கள் வராமல் இல்லை. தீபாவளி விடுமுறை முடிந்து, ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, எல்லாரும் நேரத்துக்கே வந்தார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, சிலர் கையில் முறுக்குப் பொட்டலம். கேட்டுக்கு மேலே புதிதாக மாட்டியிருந்த எங்கள் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். வந்து, அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போனார்கள். அங்கே போய் அப்படியே நின்றார்கள்.

அவர்களுடைய மெஷின் அங்கே இல்லை.

ஜன்னலோரம் நின்ற ஒரு பெண் என் கண்ணில் பட்டாள். முப்பது வயது இருக்கும். துண்டுத் துணிகளை அடைத்துத் தைத்த சின்ன மெத்தை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ஸ்டூலின்மேல் போட்டு உட்கார்வதற்கு. நாள் முழுக்க ஸ்டூலில் உட்காருகிறவர்கள் ஆளுக்கொன்று இப்படி வைத்திருப்பார்கள். அவள் ஜன்னலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள்.

என் மகள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க. இனிமே நம்ம கம்பெனியில லைன் சிஸ்டமுங்க. ஓவர்லாக் மெஷினெல்லாம் இந்தப் பக்கம், ஃபிளாட்லாக் எல்லாம் அந்தப் பக்கம். பீஸ் தானா லைன்ல வரும். உங்களுக்கு வேலை சுலபமுங்க" என்றாள். முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த பேச்சு. தடங்கல் இல்லாமல் சொன்னாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கணவன் ஒரு மூலையில் போய் ஓவர்லாக்கில் உட்கார்ந்தான். அந்தப் பெண் எதிர்மூலையில் போய் ஃபிளாட்லாக்கில் உட்கார்ந்தாள். எல்லாரும் அப்படித்தான் பிரிந்து உட்கார்ந்தார்கள். மெஷின்கள் ஓடின. பத்தரை மணிக்கு டீ பெல் அடித்தது. எழுந்து போனார்கள்.

டீ நேரம் முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"டீக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாங்கம்மா."

"அப்புறம் ஏனுங்க இன்னும் காணோம்?"

"அதைத்தாங்கம்மா நானும் யோசிக்கறேன். டீக்குப் போறவங்க எதுக்குங்க ஸ்டூல் மெத்தையையும் எடுத்துட்டுப் போறாங்க?"

திருப்பூரில் யாரும் சண்டை போட்டு வேலையை விடுவதில்லை. டீக்குப் போவார்கள். டீக்கடையிலிருந்து பார்த்தால் நாலு கேட்டில் 'டெய்லர்கள் தேவை' என்று போர்டு தொங்கும். கிளாஸை வைத்துவிட்டு ஏதாவது ஒரு கேட்டுக்குள் நுழைந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை ஓடிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பனியன் கம்பெனியில்தான் இருக்கிறேன். ஆனாலும் ஒரு கூடமே மொத்தமாக டீக்குப் போய் நான் பார்த்தது அன்றுதான். ட்யூப் லைட்டுகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மெஷின்களில் பாதி தைத்த குழந்தைச் சட்டைகள் ஊசியில் மாட்டியபடியே இருந்தன.

எதற்காக இந்தக் கம்பெனியை வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஆண்களுக்கான டி-ஷர்ட் மட்டும்தான். வருஷத்தில் சில மாதங்கள் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் கட்டிங் மேஜையில் பூனை படுத்திருக்கும். வளர்ச்சி என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தோதுப்பட்ட வருஷத்தில் இரண்டு மெஷின் சேர்ப்பது, தோதுப்படாத வருஷத்தில் சும்மா இருப்பது. மகள் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "இந்த வேகத்துல போனா நாம எப்பம்மா வளர்றது?" என்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் காங்கயம் ரோட்டுப் பக்கம் குழந்தைத் துணி மட்டும் தைக்கும் கம்பெனி ஒன்று விற்பனைக்கு வருவதாகக் காதில் விழுந்தது. அதன் முதலாளிக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஐரோப்பாவிலிருந்து நல்ல பையர் ஒருவர் விடாமல் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது மகள் பேச்சை எடுத்தாள்.

"புதுசா ஒரு பையரைப் பிடிக்கணும்னா சாம்பிள் அனுப்பி, ஆடிட் முடிச்சு, சின்ன ஆர்டர் வாங்கி, அப்புறம் நம்பிப் பெரிய ஆர்டர் தர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுரும். அந்தக் கம்பெனிய வாங்கிட்டா பையர், ஆடிட், கரெண்டு கனெக்சன், டெய்லர் எல்லாமே ஒரே நாள்ல நம்மகிட்ட வந்துருமுங்க. டி-ஷர்ட் இல்லாத மாசத்துல குழந்தைத் துணி ஓடும்."

என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கல்யாணத்துக்குப் போனா சாப்பாடு நல்லாருக்குதான்னு பாப்பாங்க. எம்பொண்ணு மண்டபத்தையே வெல கேக்கறா" என்றார்.

"மண்டபம் மட்டுமில்லீங்கப்பா. சமையல்காரங்களையும் சேர்த்துத்தான்."

அவர் சிரித்தார். அவர் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம். நான்தான் அவள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் அவள் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அந்தக் கணக்கு சரியான கணக்குத்தான்.

வக்கீல் பத்திரங்களைப் பார்த்தார். ஆடிட்டர் வரவு செலவைப் பார்த்தார். எங்கள் மெக்கானிக் ஒவ்வொரு மெஷினையும் ஓட்டிப் பார்த்தார். தீயணைப்புக் கருவி வரைக்கும் சோதித்தோம். அங்கே ஆட்கள் எப்படி உட்கார்ந்து தைக்கிறார்கள் என்று மட்டும் எங்களில் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. தையல் கூடத்தில் என்ன புதிதாக இருக்கப் போகிறது என்ற நினைப்பு. பழைய முதலாளி தீபாவளி போனஸைத் தானே கொடுத்து ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சாவியைத் தந்தார். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். விடுமுறை நாட்களில் மகள் ஆள் வைத்து மெஷின்களை இடம் மாற்றினாள். எங்கள் கம்பெனியில் எப்படி வரிசையாக ஓடுகிறதோ அப்படியே.

கூடம் காலியான அன்று மதியம் பழைய முதலாளிக்குப் போன் செய்தேன். மகனிடம் போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, ஆளுக எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்களுங்களா?"

"நான் என்னங்கம்மா சொல்றது? எம்பேர் போட்ட போர்டத்தான் எறக்கிட்டீங்களே." பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. "கட்டடம், மெஷின், ஆர்டர் எல்லாம் எங்கையில இருந்துச்சு, எழுதிக் குடுத்தேன். ஆளுகள நான் எங்கிருந்துங்க எழுதிக் குடுக்கறது?"

சொன்னது நியாயம்தான். அதனால்தான் கோபம் வந்தது.

மறுநாள் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து டெய்லர்களை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார் என் கணவர். டி-ஷர்ட்டில் கை தேர்ந்தவர்கள். குழந்தைச் சட்டையைக் கையில் எடுத்ததும் திணறிப் போனார்கள். மூத்த டெய்லர் ஒருவர் சட்டையின் கைத்துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல எம்பட வெரலே போகாதாட்ட இருக்குது. நான் இதுக்குள்ள எங்கீங்க தைக்கறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாலையில் தைத்ததை எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்துப் பட்டி இறுகி, எந்தக் குழந்தையின் தலையும் நுழையாதபடி இருந்தது. நுழைகிற சட்டைகளில் கழுத்து தொளதொளவென்று தொங்கியது.

பையர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புது முதலாளி கையில் இது முதல் ஆர்டர் என்பதால் திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். லைன் ஓடவில்லை என்றால் ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவார்கள். அதை அவர்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த ஆர்டர் போனால் பையரும் போய்விடுவார். பிறகு நாங்கள் வாங்கியது தகரக் கூரையும் பழைய மெஷின்களும்தான்.

என் கணவர், "வித்துப்போடலாம் கண்ணு. வந்த வெலைக்குக் குடுத்துட்டு நம்ம டி-ஷர்ட்டப் பாப்போம்" என்றார். கிண்டல் இல்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகள் தலையை நிமிர்த்தவில்லை. "இல்லீங்கப்பா. அவங்க ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

ஜன்னலோரத்துப் பெண் இருக்கும் லைன் வீட்டை வாட்ச்மேன் அடையாளம் சொன்னார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நானும் மகளும் போனோம். ஒரே வாசலுக்குள் எதிரெதிராக வரிசை அறைகள். அவள் அறைக்கு வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி.

"இருங்கக்கா. நீயும் இரும்மா, அந்தப் படியில."

மகள் படியில் உட்கார்ந்தாள். "அக்கா, சம்பளம் கொறைப்போம்னு நெனைச்சீங்களா?" என்று கேட்டாள்.

"சம்பளத்த யாரு கேட்டா? எங்க மிஷினத் தூக்கி எங்க கொண்டு வச்சிருக்கிய? அவிய ஒரு மூலையில, நான் ஒரு மூலையில. எந்தம்பி வாசப்பக்கம். ரெண்டு பிள்ள பெத்தாச்சு, இனிமே போயித் தனித்தனியா உக்காருங்கன்னா எப்படிம்மா?"

அறைக்குள்ளிருந்து அவள் கணவன் குரல் வந்தது. "எனக்கு அந்த மூலை நல்லாத்தான் இருந்துச்சு. சத்தம் கேக்கல."

"நீரு சும்மா இரியும்." எங்கள் பக்கம் திரும்பினாள். "பிரிச்சு வச்சா என்ன அர்த்தம் சொல்லுங்க? செட்டு வேண்டாம், ஷிப்டு போடப் போறிய. அப்புறம் வேன்ல இந்திக்காரப் பிள்ளைகளக் கொண்டுவந்து எறக்குவிய. நீங்க போகச் சொல்லும் முன்ன நாங்களே போயிட்டோம்."

செட்டு என்பது எனக்குத் தெரியும். உள்நாட்டு விற்பனைக்கான காதர்பேட்டை ஆர்டருக்குத் தைக்கும் சின்னப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். துண்டுகளை ஒட்டித் தைக்க ஓவர்லாக்கில் ஒருவர், பக்கத்திலேயே பட்டி வைக்க ஃபிளாட்லாக்கில் ஒருவர், மடித்துக் கொடுக்க ஒருவர். பெரும்பாலும் ஒரே குடும்பம். பீஸ் கைமாறிப் போவது குடும்பத்துக்குள்ளேயே. தப்பு வந்தால் திட்டும் அதற்குள்ளேயே. சனிக்கிழமை சம்பளமும் ஷிப்டு மாதிரி நாள் கூலி இல்லை, தைத்த பீஸ் கணக்கில் செட்டுக்கு மொத்தமாகத்தான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இன்னும் அப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கம்பெனியில் குழந்தைக் கழுத்து அவ்வளவு ஒழுங்காக வந்தது அதனால்தான். ஓவர்லாக்கில் இருப்பவர் எவ்வளவு தளர்த்தி விடுவார் என்று பட்டி வைப்பவருக்குக் கை பழகியிருக்கும்.

"மறுபடி பழையபடியே வெச்சிடறேங்க்கா" என்றாள் மகள். "செட்டாவே இருங்க. நான் வேற ஆளக் கொண்டுவர மாட்டேன்."

"இப்ப வேற எடத்துல உக்காந்தாச்சேம்மா." வெங்காயத் தோலை முறத்தில் தள்ளினாள். "பாப்போம்."

'பாப்போம்' என்றால் இந்த ஊரில் 'இல்லை' என்று அர்த்தம். திரும்பி வரும்போது மகள் வண்டியை ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்திருந்தேன். அவள் அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மெஷின்களைத் திருப்பி வைக்க ஆரம்பித்தோம். ஆனால் எந்த மெஷின் எதற்குப் பக்கத்தில் இருந்தது? இடம் மாற்றியவர்களுக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் சும்மா வரிசையாக நடந்து பார்த்தேன். அப்போதுதான் மெஷின் தலைகளில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. எங்கள் கம்பெனியில் பூசாரி ஒருவரே எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே அவரவர் செட்டுக்கு அவரவரே வைத்திருக்கிறார்கள். ஒரு ஓவர்லாக்கில் மூன்று விரலால் இழுத்த பட்டை. கூடத்தின் மறுகோடியில் ஒரு ஃபிளாட்லாக்கில் அதே மூன்று விரல் பட்டை, அதே சாய்வு. இன்னொன்றில் பெரிய வட்டப் பொட்டும் அதைச் சுற்றிச் சின்னப் புள்ளிகளும். சில மெஷின்களில் சந்தனம் இல்லை. வெள்ளி நிறத்துச் சிலுவை ஸ்டிக்கர். ஒரு ஜோடியில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது.

"ஏங்கண்ணு, இங்க வா. இதையும் அதையும் பாரு."

அவள் பார்த்தாள். நாங்கள் கையைக் காட்டக் காட்ட ஆட்கள் மெஷினைத் தூக்கினார்கள். மூன்று விரல் பட்டை ஜன்னலோரத்துப் பெண்ணுடையது என்று வாட்ச்மேன் சொன்னதால் அந்த ஜோடி ஜன்னலோரம் போனது. மகள் விடுமுறையில் சில மெஷின்களைத் துடைக்கச் சொல்லியிருந்தாள். அவற்றில் எந்த அடையாளமும் இல்லை. அவற்றைச் சுவரோரம் தனியாக வைத்தோம். வருகிறவர்கள் சொல்லட்டும் என்று.

ஆனால் யாரும் வரவில்லை. வாரத்தின் நடுவில் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். புது இடத்தில் உட்கார்ந்துவிட்டால் சனிக்கிழமை சம்பளத்தை வாங்காமல் எழுந்து வருவது யார்? வந்தால் திங்கட்கிழமைதான். அன்றைக்குத்தான் பையர் ஆட்களும் வருகிறார்கள்.

மறுநாள் காலை எட்டரைக்கு மகள் தன் கையாலேயே பெல் அடித்தாள். எல்லா விளக்கையும் போட்டாள். காலிக் கூடத்தில் நடந்து போய் ஜன்னலோரம் ஓவர்லாக்கில் உட்கார்ந்தாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.

"வாங்கம்மா. உங்களுக்கு ஃபிளாட்லாக் வருமில்ல?"

வரும். கம்பெனி தொடங்கிய புதிதில் ஆள் வராத நாட்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது வெகுகாலம் ஆகிவிட்டது. முதல் கழுத்தில் நூல் அறுந்தது. இரண்டாவது சுருங்கிப் போனது. அவள் தோள்பட்டையை ஒட்டி நீட்டுவாள், நான் வாங்கிப் பட்டி வைப்பேன். "இன்னும் கொஞ்சம் தளர்த்தி விடு" என்பேன். "நீங்க இழுக்காம வைங்கம்மா" என்பாள். சாப்பாடு கொண்டுவந்த என் கணவர் வாசலிலேயே நின்றார்.

"புதுசா செட்டு சேந்திருக்குதாட்ட. பீஸ் ரேட்டா, ஷிப்டா?"

"மடிச்சுக் குடுக்க ஆள் வேணுமுங்க. வர்றீங்களா?" என்றேன்.

அவர் தூக்கை வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அப்படியே போயின. நாங்கள் மூன்று பேரும் தைத்தது ஒரு அட்டைப் பெட்டியின் அடியைக்கூட மூடவில்லை. அதை வைத்துக்கொண்டு எந்த ஆர்டரையும் முடிக்க முடியாது. அது மகளுக்கும் தெரியும். ஆனால் டீக்கடையில் நிற்பவர்களுக்கு எங்கள் ஜன்னல் தெரியும். ஜன்னலில் விளக்கு எரிவதும் மெஷின் பழைய இடத்தில் இருப்பதும் தெரியும். அவள் சொல்லாவிட்டாலும் அதற்காகத்தான் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். "திங்கக்கெழம யாரும் வரலீன்னா என்ன கண்ணு பண்ணுவ?" என்று கேட்டேன். "செவ்வாக்கெழமயும் பெல் அடிப்பேனுங்கம்மா" என்றாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பெல் அடித்தாள். கேட்டைப் பார்க்க வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் சொன்னாள். உட்கார்ந்தோம். நான் குனிந்து கழுத்துப் பட்டியை மட்டும் பார்த்துத் தைத்தேன். ஒன்று முடிந்தது. அடுத்ததை மெஷினுக்கடியில் வைக்கும்போது துணிமேல் நிழல் விழுந்தது.

நிமிர்ந்தேன். ஜன்னலோரத்துப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் அந்த மெத்தை. அவளுக்குப் பின்னால் கணவன், அவனுக்குப் பின்னால் அவள் தம்பி. கேட்டுக்கு வெளியே டீ கிளாஸும் கையுமாக இன்னும் பலர், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தபடி நின்றார்கள்.

அவள் மெஷின் தலையில் காய்ந்திருந்த மூன்று விரல் பட்டையைப் பார்த்தாள். பக்கத்து ஓவர்லாக்கையும் பார்த்தாள். பிறகு நான் தைத்துப் போட்டிருந்த சட்டையை எடுத்து, முஷ்டியைக் கழுத்துக்குள் விட்டு விரித்து, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

"தலை நுழையும்" என்றாள். சட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு மெத்தையைக் கையில் எடுத்தாள்.

"எந்திரிங்கக்கா. இது எங்க மிஷினு."